போர் வந்தால் மருத்துவம் வளருமா? ரத்த வங்கி முதல் மனநலம் வரை, ஆண்டுகள் சொல்லும் கணக்கு

"இரண்டாம் உலகப்போர் மட்டும் வரலைன்னா பென்சிலினே வந்திருக்காது." உலகத்தில் எங்காவது சண்டை மூளும்போதெல்லாம் இப்படி ஒரு வரி உங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்திருக்கும். கூடவே ரத்த வங்கி, பிளாஸ்டிக் சர்ஜரி, ஆம்புலன்ஸ், பி.டி.எஸ்.டி என்று ஒரு பட்டியலும் வரும். படிக்கும்போது சரிதானே என்றுதான் தோன்றும்.

அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிய, ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அறிவு எப்போது கிடைத்தது? அது எப்போது நோயாளியின் உடம்புக்குப் போய்ச் சேர்ந்தது? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் போரின் பங்கு தெரிகிறது.

பென்சிலின்: நடுவில் 16 வருஷம் என்ன ஆச்சு?

லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் அந்தப் பூஞ்சையைக் கவனித்தது 1928இல். உலகப்போர் தொடங்க அப்போது இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. பூஞ்சையிலிருந்து மருந்தைத் தனியாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரி, எர்னஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் அதைச் சாதித்து, 1940இல் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்தது.

1941 பிப்ரவரியில் கிருமித்தொற்றால் சாகக் கிடந்த ஒரு போலீஸ்காரருக்கு முதன்முறையாக ஊசி போட்டார்கள். சில நாளிலேயே தேறினார். ஆனால் கையில் இருந்த மருந்து அவ்வளவுதான். அவருடைய சிறுநீரில் வெளியேறிய பென்சிலினைக்கூடப் பிரித்தெடுத்துத் திரும்பக் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்ததும் தொற்று திரும்பியது, அவர் இறந்துபோனார். மருந்து பலிக்கும் என்பது தெரிந்துவிட்டது. போதுமான அளவு தயாரிக்கத்தான் வழி இல்லை.

இங்கேதான் போர் உள்ளே வருகிறது. ஃபுளோரியும் ஹீட்லியும் 1941இல் அமெரிக்கா போனார்கள். இல்லினாய் மாநிலம் பியோரியாவில் இருந்த அரசு வேளாண் ஆய்வகம், மக்காச்சோளத்திலிருந்து ஸ்டார்ச் எடுக்கும்போது மிஞ்சும் கழிவுநீரில் பூஞ்சையை வளர்த்து உற்பத்தியைப் பல மடங்கு கூட்டியது. அதிக மருந்து தரும் பூஞ்சை வகை, அந்த ஊர்ச் சந்தையில் வாங்கிய ஒரு முலாம்பழத்தில் கிடைத்தது. அமெரிக்க அரசு பணத்தை இறக்கியது, போட்டி நிறுவனங்களை ஒரே வேலையில் இறக்கிவிட்டது. 1942 ஜூனில் அமெரிக்காவின் மொத்த இருப்பு சுமார் 10 பேருக்குத்தான் போதும். 1944இல் நார்மண்டி தரையிறக்கத்துக்காகத் தயாரானது 23 லட்சம் டோஸ்.

கண்டுபிடிப்பு 1928. தாராளமாகக் கிடைத்தது 1944. போர் கொடுத்தது பூஞ்சையை அல்ல. பணத்தை, ஒரு கெடுவை, எல்லோரையும் ஒரே திசையில் ஓடவைத்த அவசரத்தை.

ரத்தமும் முகமும்

ரத்தத்தின் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைப் பற்றி எழுதியது 1901இல். சோடியம் சிட்ரேட் சேர்த்தால் ரத்தம் உறையாது என்பதை 1914இல் மருத்துவர்கள் செய்து காட்டிவிட்டார்கள். இந்த இரண்டையும் சேர்த்து, போர்முனைக்கு அருகில் ஐஸ் பெட்டியில் ரத்தத்தைச் சேமித்து வைத்தவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆஸ்வால்ட் ராபர்ட்சன். ஆண்டு 1917. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ரத்தம் வண்டியில் ஏறி முனைக்குப் போனது. இரண்டாம் உலகப்போரில் பிளாஸ்மாவைப் பெருமளவில் சேகரிக்கும் முறையை ஒழுங்குபடுத்தியவர் சார்லஸ் டிரூ என்ற கறுப்பின அமெரிக்க மருத்துவர். அதே காலத்தில் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பின மக்களின் ரத்தத்தை முதலில் வாங்கவே மறுத்தது. பிறகு வாங்கித் தனியாக லேபிள் ஒட்டிப் பிரித்து வைத்தது. அந்தப் பிரிவினை 1950 வரை நீடித்தது. தொழில்நுட்பத்துக்கு இருந்த அவசரம் சமூக நீதிக்கு இல்லை.

பிளாஸ்டிக் சர்ஜரிக்கு நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. மூன்றாம் மைசூர் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கோவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் சிக்கினார். அவருடைய மூக்கு வெட்டப்பட்டது. பிறகு புனேவில், நெற்றித் தோலை மடக்கி இறக்கி அவருக்குப் புது மூக்கு வைக்கப்பட்டது. லண்டனில் வெளியான 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' 1794இல் இதைப் படத்தோடு அச்சிட்டது. அறுவை செய்தவர் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்தவர் என்று அதில் குறிப்பு இருக்கிறது, அவர் பெயர் இல்லை. இதைப் படித்துத்தான் ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 1814இல் அதே முறையைச் செய்து பார்த்தார். நூறு ஆண்டு கழித்து முதல் உலகப்போரில் குண்டு முகங்களைச் சிதைத்தபோது, லண்டன் அருகே சிட்கப் மருத்துவமனையில் ஹரோல்ட் கில்லீஸ் குழு 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000க்கும் அதிகமான அறுவை சிகிச்சைகளைச் செய்தது. ஊரில் எப்போதோ ஒன்று என்று வரும் முகக் காயம் அங்கே தினமும் வரிசையில் நின்றது. கை தேர்ந்தது அப்படித்தான்.

ஓ.ஆர்.எஸ்: ராணுவ உத்தரவே இல்லாமல் நடந்தது

1971 வங்கதேச விடுதலைப் போரில் சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். மேற்கு வங்கத்தில் எல்லையோரம் இருக்கும் பொங்காவ்ன் ஊரில் காலரா பரவியது. காலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். அதற்கு அப்போது தெரிந்த சிகிச்சை நரம்பு வழியே ஏற்றும் சலைன். ஆனால் பாட்டில் தீர்ந்துகொண்டே இருந்தது. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

சர்க்கரை குடலுக்குள் உறிஞ்சப்படும்போது உப்பையும் கூட இழுத்துப் போகும், பின்னாடியே தண்ணீரும் போகும் என்பது 1960களிலேயே ஆய்வகங்களில் தெரிந்திருந்தது. டாக்காவில் 1968இல் நோயாளிகளிடம் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ஆனால் மருத்துவமனைக்கு வெளியே, பயிற்சி இல்லாதவர்கள் கையில் கொடுக்கலாமா என்பதில் தயக்கம் இருந்தது. கொல்கத்தாவிலிருந்து வந்த டாக்டர் திலீப் மஹாலானபிஸ் அந்தத் தயக்கத்தை உடைத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாதா உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. டிரம்மில் கரைத்து வைத்து, பக்கத்தில் இருந்த உறவினர்களே கோப்பையில் மொண்டு கொடுக்கும்படி செய்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு, இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம் 3.6 சதவீதமாக இறங்கியது.

இன்று உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் கிடக்கும் ஓ.ஆர்.எஸ் பாக்கெட் அப்படி வந்ததுதான். 2022இல் மஹாலானபிஸ் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இதுவரை பார்த்தவற்றை வரிசையாக வைத்தால்:

• ரத்த வகை: அறிவு 1901, ரத்தக் கிடங்கு 1917
• மூக்குச் சீரமைப்பு: கார்ப்யூவின் முயற்சி 1814, பெருமளவில் 1917 முதல்
• பென்சிலின்: அறிவு 1928, பெருமளவில் 1944
• உப்பு-சர்க்கரைக் கரைசல்: அறிவு 1960கள், முகாமில் 1971

எல்லாவற்றிலும் அறிவு முதலில் வந்துவிட்டது. போர் செய்தது அதைக் கிடப்பிலிருந்து எடுத்ததுதான்.

மனநலம்: கற்பதும் மறப்பதும்

உடம்புக்குக் கற்ற பாடம் ஒருமுறை கற்றால் பெரும்பாலும் தங்கிவிட்டது. மனசு விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு போரிலும் கற்றுக்கொண்டார்கள், போர் முடிந்ததும் மறந்தார்கள்.

1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற உளவியலாளர் 'லான்செட்' இதழில் 'ஷெல் ஷாக்' பற்றி எழுதினார். வெளிக்காயம் எதுவும் இல்லாமல் பார்வை, நினைவு, வாசனை, சுவை போன வீரர்களைப் பற்றியது அது. பீரங்கிக் குண்டின் அதிர்ச்சி மூளையைக் குலுக்கிவிட்டது என்பதுதான் முதல் யூகம். ஆனால் குண்டு விழுந்த இடத்துக்கு அருகிலேயே போகாதவர்களுக்கும் இதே அறிகுறி வந்தது. 1917இல் பிரிட்டிஷ் ராணுவம் அந்தச் சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக அந்தப் போரில் சுட்டுக் கொல்லப்பட்ட சொந்த வீரர்கள் 306 பேருக்கு 2006இல்தான் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் எத்தனை பேர் குற்றவாளிகள், எத்தனை பேர் நோயாளிகள் என்று இனி யாரும் பரிசோதிக்க முடியாது.

அதே காலத்தில் எடின்பரோவின் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் வேறு மாதிரி ஒரு முயற்சி நடந்தது. "அதையெல்லாம் மறந்துடுங்க" என்று சொல்வதற்குப் பதில், நடந்ததைப் பேசவைத்தார் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். கவிஞர் சிக்ஃபிரிட் சசூன் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர். இந்த ரிவர்ஸ் நமக்கு அந்நியர் அல்ல. நீலகிரியில் தோடர் மக்களோடு தங்கி ஆய்வு செய்து, 1906இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய மானுடவியலாளர் அவர்தான்.

முனைக்கு அருகிலேயே, தாமதிக்காமல், 'நீ குணமாவாய்' என்ற நம்பிக்கையோடு சிகிச்சை கொடுத்தால் பலர் தேறுவார்கள் என்பது முதல் உலகப்போர் முடிவதற்குள் தெரிந்துவிட்டது. அடுத்த போரில் அமெரிக்கா இதை ஓரமாக வைத்துவிட்டு, 'பலவீனமான மனசுக்காரர்களை' ஆள்சேர்ப்பிலேயே கழித்துவிடலாம் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நிராகரித்தது. அப்படியும் மனம் உடைந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. 1943இல் துனீசியாவில் பழைய பாடத்தைத் திரும்பத் தூசி தட்டி எடுத்தார்கள். யாருக்கு வேண்டுமானாலும் ஓர் எல்லைக்கு மேல் மனம் உடையும் என்பது அப்போதுதான் ராணுவத்துக்கு உறைத்தது.

அதன் விளைவுகள் நாட்டுக்குள்ளும் வந்தன. ராணுவம் 1943இல் தயாரித்த மனநோய் வகைப்பாடுதான், 1952இல் வெளியான டி.எஸ்.எம் கையேட்டுக்கு அடித்தளம். அதில் பேரழுத்தத்தால் வரும் பாதிப்புக்கு ஓர் இடம் இருந்தது. 1968இல், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தபோது வெளியான இரண்டாம் பதிப்பில் அது காணாமல் போனது. திரும்பி வந்த வீரர்கள் சொல்ல வந்த துன்பத்துக்குக் கையேட்டில் பெயரே இல்லை.

அவர்கள் காத்திருக்கவில்லை. 1970இல் நியூயார்க்கில் தாங்களே கூடிப் பேசும் குழுக்களைத் தொடங்கினார்கள். ராபர்ட் லிஃப்டன், சைம் ஷாட்டன் ஆகிய மனநல மருத்துவர்களைக் கூட அழைத்துக்கொண்டார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடமும் இதே போன்ற அறிகுறிகள் இருப்பதை 1974இல் வேறு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பல பக்கத்து அழுத்தமும் சேர்ந்து 1980இல் பி.டி.எஸ்.டி கையேட்டில் ஏறியது. இந்த முன்னேற்றத்தைப் போர் கொடுத்தது என்பதைவிட, பாதிக்கப்பட்டவர்கள் போராடி வாங்கினார்கள் என்பதே பொருத்தம்.

எண்களை எப்படிப் படிப்பது?

வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் எத்தனை பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது பி.டி.எஸ்.டி வந்தது? 1980களில் அமெரிக்க அரசின் பெரிய ஆய்வு 30.9 சதவீதம் என்றது. 2006இல் அதே தரவை, ராணுவ ஆவணங்களோடு ஒப்பிட்டு, இன்னும் கறாரான அளவுகோலோடு மறுபடி ஆராய்ந்தபோது 18.7 சதவீதம் வந்தது. அதே போர், அதே ஆட்கள், இரண்டு எண்கள்.

"அப்போ முதல் எண் பொய்யா?" என்று கேட்பீர்கள். இல்லை. எந்த அளவு துன்பத்தை நோய் என்று எண்ணுகிறோம் என்பதில் வந்த வித்தியாசம் இது. குறைந்த எண்ணை எடுத்தாலும் ஐந்தில் ஒருவருக்கு நெருக்கம். ராணுவத்தை விட்டுப் பொதுமக்கள் பக்கம் வந்தால், போர் நடக்கும் பகுதிகளில் வாழ்பவர்களில் எந்த நேரத்திலும் சுமார் 22 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருக்கும் என்று 2019இல் 'லான்செட்'டில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

அந்தப் பொதுமக்களில் தமிழர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனி ஆளின் நோயாக மட்டும் இதைப் பார்த்தால் போதாது என்று எழுதினார். குடும்பம், ஊர், நம்பிக்கை எல்லாம் சேர்ந்து உடைவதை அவர் கூட்டு மனவடு என்ற கோணத்தில் ஆராய்ந்தார். 'கவுன்சலிங்' என்று நாம் சொல்வதற்கு அங்கே 'உளவளத்துணை' என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. தேவை அங்கே அவ்வளவு நெருக்கத்தில் இருந்தது.

விலையை யார் கொடுத்தது?

போரின் அவசரம் விதிகளையும் தளர்த்தும். நாஜி முகாம்களில் கைதிகள் மீதும், சீனாவில் ஜப்பானின் யூனிட் 731 பிடித்து வைத்தவர்கள் மீதும் நடந்த சோதனைகள் ஆராய்ச்சி என்ற பெயரில் நடந்த கொலைகள். 'நோயாளியின் சம்மதம் இல்லாமல் சோதனை இல்லை' என்ற 1947 நியூரம்பர்க் நெறிகள், நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் பிறந்தவை.

நம் ஆட்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். 1930களில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேலாக, ராவல்பிண்டியில் பிரிட்டிஷ் இந்திய ராணுவ வீரர்கள் நூற்றுக்கணக்கானோர் மீது கடுகு வாயு சோதிக்கப்பட்டதை 2007இல் 'கார்டியன்' நாளிதழ் ஆவணங்களோடு வெளிக்கொண்டு வந்தது. அதே வகை வேதிப்பொருள் மீதான ரகசிய ஆராய்ச்சியிலிருந்துதான் 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதல் புற்றுநோய் கீமோதெரபி மருந்து வந்தது. இரண்டும் ஒரே பக்கத்தில் எழுதப்பட வேண்டிய வரலாறு.

சரி, போர் இல்லாமல் முடியாதா?

முடியும். அதற்கு நல்ல சாட்சி டிரானெக்ஸாமிக் அமிலம். ரத்தக்கசிவைக் குறைக்கும் இந்த மருந்தை ஜப்பானின் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962இல் கொண்டுவந்தார்கள். விபத்தில் அடிபட்டவர்களுக்கு இது உயிர் காக்குமா என்று இந்தியா உட்பட 40 நாடுகளில் 20,211 நோயாளிகளிடம் சோதித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாகக் குறைந்தது. விலை மலிவான மருந்து, சாதாரண மருத்துவமனைகள். ராணுவங்கள் இந்த அறிவைப் பிறகு எடுத்துக்கொண்டன. அதாவது பாதை தலைகீழாகவும் ஓடும்.

பணம், கெடு, ஒழுங்கான கணக்கு, ஒரே பொறுப்பு. போர் கொடுப்பது இந்த நான்கும்தான். இவற்றை அமைதிக் காலத்தில் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி. நெப்போலியன் படையின் மருத்துவர் டொமினிக் லாரே, பதவி பார்க்காமல் காயத்தின் தீவிரம் பார்த்து முதலில் யாரைத் தூக்குவது என்று முடிவு செய்யும் முறையை 1790களிலேயே கொண்டுவந்தார். 1966இல் அமெரிக்க அறிவியல் அகாடமியின் அறிக்கை, நகரச் சாலையில் அடிபடுபவரைவிடப் போர்க்களத்தில் அடிபடுபவருக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று நிபுணர்கள் சொல்வதைப் பதிவு செய்தது. அந்த அவமானத்திலிருந்துதான் அங்கே நவீன ஆம்புலன்ஸ் சேவை வளர்ந்தது. தமிழ்நாட்டில் 108 வந்தது 2008இல். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'நம்மைக் காக்கும் 48' வந்தது 2021இல். இந்தியச் சாலைகளில் 2022இல் மட்டும் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஒரு போரில் இத்தனை பேர் போயிருந்தால் நாடு எப்படி இயங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மனநலத்தில் இடைவெளி இன்னும் பெரிது. உலகப்போர் நடக்கும்போதே, 1943இல் அமைக்கப்பட்ட போர் குழு (தலைவர் ஜோசப் போர் என்பதால் அந்தப் பெயர்) 1946 அறிக்கையில் இந்தியாவில் சுமார் 40,000 பேருக்கு ஒரு மனநலப் படுக்கைதான் இருக்கிறது என்றது. அதன் பரிந்துரையில் 1954இல் பெங்களூரில் வந்த நிறுவனம்தான் இன்றைய நிம்ஹான்ஸ். அந்த நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமல் இருப்பது தெரிந்தது. சிகிச்சை என்ன என்பது தெரியும், மருந்து இருக்கிறது, பேசிக் குணப்படுத்தும் முறைகள் இருக்கின்றன. 1941இல் பென்சிலின் நின்ற அதே இடத்தில் இது நிற்கிறது.

பி.டி.எஸ்.டி வீரர்களுக்கு மட்டும் வருவதும் அல்ல. விபத்து, வன்முறை, வெள்ளம், திடீர் இழப்பு என எதற்குப் பிறகும் வரலாம். சம்பவம் திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, கெட்ட கனவு, அதை நினைவூட்டும் இடங்களையும் ஆட்களையும் தவிர்ப்பது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால், மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம்.